டெல்டாவில் ஒரு சிறு அச்சகம்: தாத்தா என்ன வேலை செய்தார், மிச்சமிருப்பதை என்ன செய்வது?

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சிற்றூரில் உங்கள் தாத்தா அச்சகம் நடத்தினார். இப்போது வீட்டின் பின்கட்டில் ஒரு ட்ரெடில் அச்சு மெஷினும் மரப்பெட்டி மரப்பெட்டியாக ஈய எழுத்துகளும் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, காலையிலிருந்து ராத்திரி வரை அந்த இடத்தில் நின்றுகொண்டு அவர் என்னதான் செய்தார் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் வேலை என்ன என்று தெரிந்தால்தான் கிடப்பவற்றில் எது அருமையானது என்று புரியும். நான் கும்பகோணத்தில் எழுத்து கோக்கும் கம்பாசிட்டராகத் தொழில் கற்று, இப்போது ஆப்செட்டோடு ஒரு ட்ரெடிலையும் ஓட்டிக்கொண்டிருப்பவன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெஷினைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஆற அமர யோசிக்கலாம். எழுத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த மரப்பெட்டிகளை கேஸ் என்போம். சாய்வான ஸ்டாண்டில் மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக வைத்திருப்பார்கள், நடுவில் நின்று கோப்பார்கள். தமிழுக்கு எத்தனை அறை வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிர் 12, ஆய்தம் 1. புள்ளி வைத்த மெய் 18, அகரம் ஏறியது 18, இகரம் 18, ஈகாரம் 18, உகரம் 18, ஊகாரம் 18. இதிலேயே 121 ஆகிவிட்டது. இதற்கு மேல் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி, ஜ ஷ ஸ ஹ வரிசை, ஸ்ரீ, எண்கள், நிறுத்தக்குறிகள், சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் ஸ்பேஸ், வரியில் பெரிய வெற்றிடத்தை நிரப்பும் குவாட். ஒரே ஓர் அளவுக்கு இவ்வளவு. 10 பாயிண்ட், 12 பாயிண்ட், தலைப்புக்கு 18, 24, 36 என்று ஒவ்வோர் அளவுக்கும் தனி செட் வேண்டும். எந்த அறையில் எந்த எழுத்து என்று பெட்டியில் எழுதியிருக்காது. கைக்குத்தான் தெரியும்.

‘கோயில்’ என்று கோக்க வேண்டும். வாய் ககரத்தைச் சொல்லும்போது கை முதலில் இரட்டைக்கொம்பு அறைக்குப் போகும், பிறகு க, பிறகு கால், பிறகு யி, பிறகு ல். மூன்று எழுத்துச் சொல்லுக்கு ஐந்து துண்டு. இடக்கையில் எழுத்தை வரியாக அடுக்கும் சிறு தட்டு, கம்போசிங் ஸ்டிக் என்போம், அதில் கடைசியாக வைத்த எழுத்தைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருக்கும். வலக்கை அறைக்குப் போய் வந்துகொண்டே இருக்கும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், எழுத்தைப் பார்க்காது. ஒவ்வொரு துண்டின் உடம்பிலும் ஒரு சின்னப் பள்ளம் உண்டு, நிக் என்போம். விரல் அதைத் தடவியே எழுத்து நேராக இருக்கிறதா, புரண்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும். வரி இடமிருந்து வலமாகவே போகும், ஆனால் எழுத்து தலைகீழாக நிற்கும். காலும் ரகரமும் அப்படி நிற்கும்போது பிரித்தறிய வருடக்கணக்கில் பழக வேண்டும்.

வரி முடியும்போது ஸ்டிக்கில் இறுக்கமாக உட்கார வேண்டும். இடம் மிஞ்சினால் சொற்களுக்கு நடுவே மெல்லிய ஸ்பேஸ் போட்டுப் பரப்புவார், குறைந்தால் ஸ்பேஸை மாற்றிச் சுருக்குவார். ஒரு வரி தளர்ந்திருந்தாலும் பிறகு பக்கத்தைச் சேஸ் என்ற இரும்புச் சட்டத்தில் பூட்டும்போது எழுத்து உதிரும். பூட்டி முடித்ததும் வேலை செய்யும் கல்மேசையிலிருந்து லேசாகத் தூக்கி விரலால் தட்டிப் பார்ப்பார். எதுவும் அசையாவிட்டால்தான் மெஷினுக்குப் போகும்.

அச்சு ஓடி முடிந்ததும் மண்ணெண்ணெய் போட்டு மையைக் கழுவி, கோத்த அத்தனை எழுத்தையும் மறுபடி அதனதன் அறையில் போட வேண்டும். பிரிப்பது என்போம். கோப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை. பிரிப்பதை யாரும் வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, பில்லில் அதற்கென்று ஒரு வரி கிடையாது. ஆனால் பிரிப்பவர் ஓர் எழுத்தைத் தப்பான அறையில் போட்டால் அடுத்த வாரம் யாரோ ஒருவர் கல்யாணப் பத்திரிகையில் அது பிழையாக வந்து நிற்கும். நல்ல அச்சகமா என்று தெரிய வேண்டுமானால் அங்கே எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

சிறு அச்சகக்காரரின் முழு வாழ்க்கையும் எழுத்துப் பற்றாக்குறையோடு மல்லுக்கட்டியதுதான். எழுத்தை எடைக்கு வாங்க வேண்டும், விலை அதிகம், முதல் போட வசதி இருக்காது. ஆகவே இருப்பதை வைத்துச் சுழற்ற வேண்டும். தை மாதம் ஒரே வாரத்தில் நாலைந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் என்ன ஆகும்? திருமணம், திருவளர்செல்வன், திருநிறைச்செல்வி, பெயர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் திரு, திருமதி. நம் பக்கத்துப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று கீழே பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தான் என ஒரு பட்டியலே வரும். ஒருவர் பெயரை விட்டாலும் வீட்டில் சண்டை. மூன்றாவது பத்திரிகைக்குள் ‘தி’ அறையும் ‘ரு’ அறையும் காலி. முதல் பத்திரிகையை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டி முடித்துப் பிரித்தால்தான் நாலாவதைக் கோக்க முடியும். வேறு வழி இல்லாதபோது, “மாமா, திருமணம்னு போடறதுக்குப் பதிலா விவாக சுபமுகூர்த்தம்னு போட்டா இன்னும் லட்சணமா இருக்கும்” என்று பெண் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய பத்திரிகைகளில் சொற்கள் இப்படி மாறி மாறி வந்திருந்தால், பெட்டியில் எழுத்து தீர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

புத்தக வேலை சிறு ஊர் அச்சகங்களுக்கு அதிகம் வராததற்கும் இதே காரணம். டெமி 1/8 என்ற வழக்கமான புத்தக அளவில் ஒரு பக்கத்துக்கு 30 வரி, வரிக்கு 35 துண்டு என்று வைத்தால் ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பாரம், அதாவது ஒரே தாளாக மடிக்கும் பக்கங்களின் தொகுதி, 16 பக்கம். பதினாறாயிரம் துண்டுக்கு மேல் ஒரே சமயத்தில் கட்டி வைக்க எத்தனை பேரிடம் எழுத்து இருந்தது? இரண்டு பக்கம், நான்கு பக்கமாகக் கோத்து, ஓட்டி, பிரித்து, மறுபடி கோத்துத்தான் ஊரில் தல புராணமும் கவிதைத் தொகுப்பும் அச்சானது. ஒரு முறை பிரித்துவிட்டால் அந்தப் பக்கம் போனதுதான். மறுபதிப்பு என்றால் முதலிலிருந்து கோக்க வேண்டும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர்கூட 1887-ல் சீவக சிந்தாமணியைக் கொண்டுவந்தபோது அச்சு வேலை நடந்தது சென்னையில்தான்.

ஆனால் அச்சுக்கும் நம் டெல்டாவுக்கும் உள்ள உறவு சென்னையில் அச்சு வந்ததற்கும் முந்தியது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன. அவை பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715-ல் முடிந்தது. பொறையாற்றில் காகிதம் செய்யவும் முயன்றார்கள். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரண்மனையில் தேவநாகரி அச்சுக்கூடம் வைத்தார். இந்தியர்கள் தடையில்லாமல் அச்சகம் வைத்துக்கொள்ள 1835-ல்தான் வழி பிறந்தது. பிறகு ஊருக்கு ஊர் அச்சகம் வந்தது. திருவாரூரில் 1942-ல் கருணாநிதி முரசொலியைத் தொடங்கியது துண்டறிக்கையாகத்தான். பள்ளிப் பருவத்துப் பையன்கள் கையில் இருந்த காசுக்கு அச்சடித்துத் தர ஊரில் அச்சகம் இருந்தது, அதனால் நடந்தது.

உங்கள் தாத்தாவின் வருமானம் பெரும்பாலும் ஜாப் வேலையில் வந்திருக்கும். அரவை மில் ரசீது, நெல் மண்டி பில், ஜவுளிக்கடை கேஷ் மெமோ, கூட்டுறவுச் சங்கப் படிவம், கோயில் அர்ச்சனைச் சீட்டு, பள்ளிக்கூட ரேங்க் கார்டு, சினிமாக் கொட்டகை நோட்டீஸ், கும்பாபிஷேகப் பத்திரிகை. இந்த வரும்படி தண்ணீரைப் பார்த்து ஏறி இறங்கும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து குறுவை நன்றாக வந்தால் ஐப்பசி முகூர்த்தங்களுக்கு வேலை நிறைய. சம்பா அறுவடையானதும் தை, மாசியில் கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா என்று வரிசையாக வரும். காவிரி பொய்த்த வருடம் பத்திரிகை எண்ணிக்கை ஐந்நூறிலிருந்து இருநூறாகும், இரண்டு வண்ணம் கேட்டவர் ஒரே வண்ணம் போதும் என்பார், பழைய பாக்கியும் வராது. விவசாயிக்குக் கடன் தள்ளுபடி உண்டு, அச்சகக்காரருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் எழுத்துப் பெட்டிகளைத் தூசி தட்டி, தேய்ந்த எழுத்தைப் பொறுக்கித் தனியே போடுவார்கள். பேராவூரணிப் பக்கம் மட்டும் கதை வேறு, அங்கே ஆடி ஆவணியில்தான் மொய் விருந்து அழைப்பிதழ் குவியும்.

கருமாதிப் பத்திரிகைக்கு முகூர்த்தக் கணக்கு கிடையாது. மற்ற வேலையெல்லாம் நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பார்கள். “அண்ணே, நாளைக்கு மத்தியானம் தபால்ல சேர்க்கணும்” என்று தோளில் துண்டோடு ஒருவர் வந்து நிற்பார். கறுப்பு பார்டர் கோடு போடும் ரூல் எப்போதும் தனியாகக் கட்டித் தயாராக இருக்கும். அந்த வேலைக்கு விலை பேசுகிற வழக்கம் நான் வேலை கற்ற இடத்தில் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். ஒரு ஊரில் அச்சகக்காரருக்கு இருந்த மரியாதைக்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். யார் வீட்டில் எது நடந்தாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும், அவர் வாயிலிருந்து அது வெளியே வராது. பரீட்சை வினாத்தாள் அச்சடித்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

மெஷினுக்கு வருகிறேன். ட்ரெடில் என்பது காலால் மிதித்து ஓட்டுவது. பிற்பாடு பலர் மோட்டார் மாட்டினார்கள். ஒரு கை தாளை வைக்கும், மறு கை அச்சான தாளை எடுக்கும், கால் மிதித்துக்கொண்டே இருக்கும். பழகின ஆள் மணிக்கு ஆயிரம் தாள் வரை போடுவார். தாள் கோணலாக விழுந்தால் ஒரு நொடியில் லிவரைத் தள்ளி அந்த ஓர் அச்சைத் தவிர்ப்பார். விரலை உள்ளே விட்டு நசுக்கிக்கொண்டவர்கள் உண்டு. அதனால் முழுக்கைச் சட்டையோடு மெஷின் பக்கம் நிற்க விடமாட்டார்கள்.

ஓட்டுவதைவிட ஓட்டத் தயார் செய்வதுதான் கைத்திறன். எந்த அளவு எழுத்தானாலும் ஈயத் துண்டு நிற்கும் உயரம் ஒன்றே, 0.918 அங்குலம். ஆனால் தேய்ந்த எழுத்தும் புது எழுத்தும் கலந்திருக்கும் பெட்டியில் அந்தச் சமன் இருக்காது. முதல் தாளை எடுத்துப் பின்பக்கம் தடவிப் பார்ப்பார்கள். எங்கே மங்கலோ அங்கே, அச்சுப் பலகையின் உறைக்கு அடியில் துண்டு டிஷ்யூ காகிதம் ஒட்டுவார்கள். இது மேக்ரெடி. தாளின் பின்பக்கம் எழுத்து புடைத்துத் தெரிந்தால் மேஸ்திரியிடம் திட்டு விழும். மை மட்டும் ஏற வேண்டும், காகிதம் குழியக் கூடாது என்பதே அன்றைய இலக்கணம். இப்போது பெருநகரங்களில் விலையுயர்ந்த விசிட்டிங் கார்டுகளில் வேண்டுமென்றே ஆழமாகக் குழிய வைக்கிறார்கள், அதற்குத் தனி மவுசு. எனக்கு அது பிடிக்கவில்லை. பிடித்தவர்கள் செய்துகொள்ளட்டும், ஆனால் பழைய ஈய எழுத்தில் செய்யக் கூடாது, நாலு வேலைக்குள் முகம் நசுங்கிவிடும். பாலிமர் பிளேட் வைத்துச் செய்யலாம்.

ரோலரைப் பற்றிச் சொல்லாமல் டெல்டா அச்சகத்தைச் சொல்ல முடியாது. ரப்பர் ரோலர் பரவலாவதற்கு முன் வஜ்ஜிரத்தோடு வெல்லப்பாகோ கிளிசரினோ சேர்த்துக் காய்ச்சி வார்த்த ரோலர்தான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அது ஈரம் குடித்து ஊதும், மை பிடிக்காது. சித்திரை வெயிலில் குழைந்து தொங்கும். காகிதமும் ஈரம் குடித்து விரியும், முதல் வண்ணம் ஓட்டி வைத்துவிட்டு மறுநாள் இரண்டாவது வண்ணம் ஓட்டினால் பிள்ளையார் ஓரிடத்தில், அவர் மஞ்சள் ஓரிடத்தில் நிற்பார். அதனால் மழைக்காலத்தில் ரீம் கட்டைப் பரணில் ஏற்றி, இரண்டு வண்ணத்தையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பார்கள்.

ஒரு வரி பற்றியும் சொல்ல வேண்டும். பழைய நோட்டீஸ் எதை எடுத்தாலும் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். அது விளம்பரத்துக்காகப் போட்டதில்லை. 1867-ன் அச்சகச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. தேர்தல் நோட்டீஸ் என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவர் பெயரும் முகவரியும் இன்றும் கட்டாயம். வெளியிடுபவரிடம் இரண்டு பேர் சான்றொப்பத்தோடு உறுதிமொழி வாங்காமல் அச்சிடவும் கூடாது. கட்சிக்காரர் யாராக இருந்தாலும் முதலில் சிக்குபவர் அச்சகக்காரர் என்பதால், தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் கையெழுத்து வாங்கிய பிறகே பெட்டியில் கை வைப்பார்கள்.

1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935-லிருந்து குடி அரசில் பயன்படுத்திய வடிவங்களை ஒட்டியது அது. ணா, றா, னா வரிசையும் ணை, லை, ளை, னையும் சேர்த்து 13 எழுத்துகள் மாறின. கம்பாசிட்டர் கணக்கில் ஏழு அறை மிச்சம், ஏனென்றால் ணொ, ணோ போன்றவை கொம்பு தனி, சுழித்த ணா தனி என்று கோத்தவை. இது உங்களுக்கு ஒரு விதத்தில் உதவும். கேஸில் துதிக்கை வைத்த லை, சுழித்த னா கிடைத்தால் அந்த செட் பெரும்பாலும் 1978-க்கு முன் வாங்கியது.

பிறகு மினி ஆப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்தன. அழைப்பிதழ் அட்டை சிவகாசியிலிருந்து படத்தோடு தயாராக வந்து இறங்கியது, பெயரும் தேதியும் அடிப்பது மட்டும் உள்ளூர் வேலையானது. கொஞ்ச நாளில் அதுவும் போனது. கம்பாசிட்டர்களில் இளையவர்கள் டைப்பிங் கற்று, கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டி.டி.பி.க்கு மாறினார்கள். வயதானவர்களுக்கு அது முடியவில்லை. நாளெல்லாம் நின்ற கால் வலியும் கெட்டுப்போன கண்ணும்தான் அவர்களுக்கு மிச்சம். இந்தத் தொழிலை யாராவது பொற்காலமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். கூலி எப்போதும் குறைவு, ஈயத்தைத் தொட்ட கையோடு டீ குடித்தவர்கள் ஏராளம்.

சரி, உங்கள் பின்கட்டுக்கு வருவோம். ட்ரெடில் வார்ப்பிரும்பில் விரிசல் இல்லாமல், சக்கரம் கையால் சுற்றினால் சுற்றுகிறது என்றால் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. பில் புத்தகத்துக்கு வரிசை எண் அடிப்பது, கிழிப்பதற்குத் துளைவரி போடுவது, அட்டை மடிக்கக் கோடு அழுத்துவது எல்லாவற்றுக்கும் ஆப்செட்காரர்கள் இன்றும் இதைத்தான் தேடுகிறார்கள். பக்கத்து டவுனில் இரண்டு அச்சகத்தில் விசாரியுங்கள், ஓட்டுகிற கையில் போய்ச் சேரும். யாரும் வாங்காவிட்டாலும் இப்படி ஒரு மெஷின் இன்னொரு இடத்தில் கிடைக்கும்.

எழுத்து அப்படியில்லை. தமிழ் எழுத்து வார்ப்பவர்களை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், கிடைத்தாலும் உங்கள் தாத்தா வாங்கிய அதே முகவெட்டு கிடைக்காது. எடைக்குப் போனால் அது பேட்டரி ஈயத்தோடு உருகிவிடும். முதலில் கேஸ்களை நகர்த்தாமல், நின்ற வரிசையிலேயே மேலிருந்து ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். அறை வரிசை அச்சகத்துக்கு அச்சகம் மாறும், கலைந்தால் திரும்பக் கிடைக்காது. வெள்ளையாகப் பூத்திருக்கும் எழுத்துகளில் இருப்பது ஈய உப்பு, விஷம். வாயால் ஊதாதீர்கள், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். இரும்பு பிரஷ் கூடாது. போஸ்டருக்கான மர எழுத்துகள் இருந்தால் தண்ணீரில் போடாதீர்கள், உலர்ந்த துணியே போதும்.

அந்த ஊரிலோ சுற்றுவட்டத்திலோ உங்கள் தாத்தாவோடு வேலை பார்த்த கம்பாசிட்டர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அவரை அழைத்து வந்து ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, அறை அறையாகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு உரிய கூலியைக் கையில் கொடுங்கள். யாருக்காவது மொத்தமாகக் கொடுக்க நினைத்தால் கேஸ், ஸ்டாண்ட், ஸ்டிக், அந்தக் குறிப்பு எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு இல்லத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. உங்களுக்குப் பக்கம்தான், ஒரு முறை போய்ப் பார்த்தால் எப்படிப் பாதுகாக்கலாம் என்று ஒரு யோசனை கிடைக்கும்.

இன்னொன்று, சுவரோரம் கம்பியில் குத்திய பழுப்பேறிய தாள் கட்டு எதுவும் தொங்குகிறதா பாருங்கள். ஒவ்வொரு வேலையிலும் ஒரு பிரதியை இப்படி மாதிரிக்காகக் குத்தி வைப்பது வழக்கம். அடுத்த தடவை விலை சொல்லவும், அதே மாதிரி வேண்டும் என்று கேட்பவருக்குக் காட்டவும் அது வேண்டும். உங்கள் ஊரில் யார் யாருக்குக் கல்யாணம் ஆனது, எந்த மில் எப்போது திறந்தது, எந்தக் கோயிலுக்கு எப்போது குடமுழுக்கு நடந்தது என்பதெல்லாம் தேதியோடு அதில் இருக்கும். கம்பியை இழுத்து உருவாதீர்கள், துரு காகிதத்தைக் கிழித்துவிடும். கம்பியை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அதே வரிசையில் ஸ்கேன் செய்யுங்கள்.